எண் மாறியது

ஆப்பைத் தட்டிக் கழற்று, குழல் தனியே வரும்.
குழல் வந்தால் உருளை வரும்.
உருளையைத் திருப்பிப் படிக்கும்வரை
பணத்தை எடுக்காதே.

இருபத்தாறு வருடமாகப் புதியவர்களுக்கு இதைச் சொல்லிவருகிற நான்
லோகன் ஊர் ஏலத்தில், மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில்,
பணத்தைக் கொடுத்துவிட்டுப் படித்தேன்.

சட்டகத்தில், கடைசி மூன்று இலக்கம், 418.
குழலில் 418. விசைக்காப்பில், பிடியின் முதுகில்,
ஆப்பில்கூட 418.
எந்தத் துப்பாக்கியிலும் முதலில் தொலைவது ஆப்புதான்,
அதுவே இருந்தது.
உருளையில் மட்டும் 793.

பாதி விலை அங்கேயே போயிற்று.
மீதிப் பாதியை எண்ணெய்த் துணியில் சுற்றி
பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டிவந்தேன்.

உருளையைச் சுற்றி ஒரு கடற்போர் பொறித்திருக்கும்.
இதில் தோலுறை தின்றது போக ஒரு பாய்மரம் மிச்சம்.
பூதக்கண்ணாடியில் அந்தக் கப்பல்
மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை,
துருவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.
மருந்துத்தொப்பி உட்காரும் ஆறு காம்புகளில் நான்கு சப்பை.
வெறும் அறைகளின்மேல் யாரோ
சுத்தியலை விழவிட்டு விழவிட்டு விளையாடியிருக்கிறார்கள்.
பிள்ளைகளாக இருக்கலாம். போர் முடிந்த பிறகாக இருக்கலாம்.

நவம்பரில் மஸ்கிங்கம் கவுண்டிக் கண்காட்சி.
கால்நடைக் கூடத்தில் எங்கள் மேசைகள்,
வைக்கோல் நாற்றம் போகாத தரை.
ஆர்டித் க்ளென்டென்னிங், பல் மருத்துவமனையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்,
நீல வெல்வெட்டில் ஒன்றே ஒன்றை வைத்திருந்தார்.
பழக்க தோஷம், கேட்டேன்: எண்ணெல்லாம் ஒட்டுமா?
"உருளையைத் தவிர."
சட்டகத்தில் 793.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் உருளையைப் படித்தேன்.
நானூற்றுப் பதினெட்டு.
மறுபடி துடைத்தேன். நானூற்றுப் பதினெட்டு.

பக்கத்து மேசை வெர்லின் ஸ்டக்கி உடனே கணக்குப் போட்டார்:
ஐந்து நிமிட வேலை, ஒரு சொட்டு எண்ணெய்,
ஆளுக்கு நாலாயிரம் டாலர் ஏறும்.
நான் அதற்குள் ஆப்பைத் தட்டத் தொடங்கியிருந்தேன்.

ஆர்டித் உள்ளங்கையை என் துப்பாக்கிமேல் வைத்தார்.
"ஒரே போர்வையில் இரண்டு பேர் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்,
துடைப்பதற்கு. இருட்டு.
கூப்பாடு கேட்டதும் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.
அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு
இதைத் தவிர ஒரு காகிதம் கிடையாது."

எனக்கும் வாய் இருக்கிறது, சொன்னேன்.
படைக் கிடங்கில் எவனோ பீப்பாயில் கொட்டி அள்ளியிருப்பான்.
இல்லையென்றால் எழுபது எண்பது வருடம் கழித்து
ஒரு வியாபாரி உதிரிகளைப் பூட்டி விற்றிருப்பான்.
போர்வையாவது, இருட்டாவது.

"இருக்கலாம்," என்றார். கையை எடுக்கவில்லை.

காபி ஆறிப்போயிற்று.
வெர்லின் கணக்கைத் திரும்பவும் சொன்னார், இந்தமுறை வரி போக.
நான் ஆர்டித்தின் உருளையை,
என் உருளையை,
வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தேன்.
கடற்போர் அதில் முழுசாக இருந்தது:
பாய்கள், பீரங்கிப் புகை, தண்ணீரில் தத்தளிக்கும் ஒரு படகு.
அந்த ஆள் இதைத் தோலுறையில் அதிகம் சுமக்கவில்லை போலிருக்கிறது.
அதிக நாள் சுமக்கவில்லை போலிருக்கிறது.

ஆப்பை உள்ளே தள்ளிவிட்டேன்.

இப்போது மாதத்துக்கொருமுறை தொலைபேசி வரும்.
என் உருளைக்கு எண்ணெய் போட்டாயா என்பார்.
போட்டேன், என்னுடையதற்கு என்பேன்.
நாலாயிரத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை,
நான் நினைப்பதுண்டு.

ஒருநாள் ராத்திரி மட்டும்
உருளை இல்லாமலே குழலைப் பொருத்திப் பார்த்தேன்.
ஆப்பு சரியாக இறங்கியது.
நடுவில் ஒரு சதுர வெற்றிடம்,
அதன் வழியே சமையலறை விளக்கு தெரிந்தது.
உடனே கழற்றி
793ஐ அதன் இடத்தில் மாட்டினேன்.