மில்லிலிட்டர் கணக்கு

வெட்டர்ன் ஏரிக்கரை, சுவீடன், மார்ச் 1978

உடம்புக்குப் பதிலாக
சோப்பு வைக்கிறோம்.
இருபது கிலோக் கட்டி, கிளிசரின் சேர்த்தது.
காய்ச்சுவதும் நான், அச்சில் ஊற்றுவதும் நான்.
இருபது டிகிரியில் ஒரு நாள் இருந்தால்
தொடைச் சதைக்கு ஏறக்குறைய ஈடு என்று
மேலிடத்துத் தாள் சொல்கிறது.
யாருடைய தொடை என்று தாளில் இல்லை.

ஜெலட்டின் கிழிந்து மூடிக்கொள்ளும்.
சோப்புக்கு அந்த நாசூக்கு கிடையாது.
தோட்டா எவ்வளவு விரித்ததோ அவ்வளவும்
அப்படியே நிற்கும்,
பல்வைத்தியரிடம் திறந்த வாய் மாதிரி.

காலையில் பெரியது: ஏழு புள்ளி ஆறு இரண்டு.
சார்ஜென்ட் ஸ்டூரே படுத்துச் சுடுகிறார்.
சாத்திய கதவைத் தள்ளுகிறவர்போல
அவர் தோள் போய்போய் வருகிறது.
கட்டியின் முகத்தில் சுண்டுவிரல் நுழையும் துளை.
உள்ளே முக்கால் சாண்
ஒழுங்காகப் போயிருக்கிறது,
பிறகு எதையோ மறந்தாற்போல்
குறுக்கே திரும்பியிருக்கிறது.

மதியம் சிறியது: ஐந்து புள்ளி ஐந்து ஆறு.
எடையில் பாதிகூட இல்லை, வேகம் கூடுதல்.
இது அரைச் சாண் தாண்டுமுன்பே புரள்கிறது, உடைகிறது.
செம்புச் சீவல்கள், ஈயப் பொடி,
கட்டிக்குள் ஒரு சின்ன இலையுதிர்காலம்.

நான் செய்வது இதுதான்:
அளவுக்குழாயில் தண்ணீர் எடுத்துக்
குழியில் ஊற்றுவேன், விளிம்பு தட்டும்வரை.
எவ்வளவு குறைந்ததோ அதை எழுதுவேன்.
அதற்குத்தான் சம்பளம்.

வியாழக்கிழமை, ஆகவே பட்டாணி சூப்.
குழு சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுகிறது.
நம் காட்டில் முந்நூறு மீட்டருக்கு அப்பால்
எவன் கண்ணுக்கு எது தெரிகிறது,
சிறியதே போதும் என்கிறார் மேஜர் லில்லியெக்விஸ்ட்.
வடக்கே மரமில்லாத மலைக்கு வந்து பாருங்கள்,
அறுநூறு மீட்டரில் காற்று அதைத்
தூக்கிக்கொண்டு போய்விடும் என்கிறார்
கீருனாவிலிருந்து வந்த கிழவர்.
பிர்ச் மரத்தின் பின்னால் ஒளிந்தவனை என்ன செய்வது?
கடுகு கேட்டார் ஒருவர். கொடுத்தேன்.

ஸ்டூரே மட்டும் கரண்டியைக் கீழே வைத்து,
"சுமக்கிறவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்," என்றார்.
"பெரியது இருபத்துநான்கு கிராம், சிறியது பன்னிரண்டு.
அதே முதுகில் இரண்டு மடங்கு ஏறும்."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
இரண்டு மடங்கு தண்ணீர்
என்று எனக்குத் தோன்றியது.
சொல்லவில்லை. பாத்திரம் கழுவ எழுந்தேன்.

படிவத்தின் கடைசிக் கட்டம்
சட்டம் படித்தவர்கள் சேர்த்தது:
தேவைக்கு மீறிய துன்பம். ஆம் / இல்லை.
அப்படியானால் தேவையான துன்பம் ஒன்று உண்டு.
அது எத்தனை மில்லிலிட்டர்?
டாக்டர் எப்பாவிடம் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி கழற்றினார்.
"பென்சிலால் நிரப்புங்கள், சீவ்," என்றார்.

மாலையில் கட்டிகளை
மறுபடி கொப்பரையில் போடுகிறேன்.
துளையும் குழியும் ஒன்றாய்க் கரைந்து
ஒரே மஞ்சள் குழம்பு.
வடிகட்டியில் தங்குவதை டப்பாவில் போட்டு
தேதி எழுதி ஒட்ட வேண்டும்.
விடிந்தால் அதே சோப்பு
புதுத் தொடையாக வந்து நிற்கும்.
சோப்புக்கு முடிகிறது.

ஓரத்தில் உதிர்ந்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்,
யாரும் கேட்பதில்லை.
நேற்று அதில் கை கழுவினேன்.
நல்ல நுரை.
இடது உள்ளங்கையில் ஏதோ கீறிற்று,
முடியளவு மெல்லிய செம்பு.
எந்த அளவுத் தோட்டாவினுடையது என்று
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.

தெரியவில்லை.
இத்தனை வருஷ வேலை,
எனக்கே தெரியவில்லை.