பழுது என்ற கட்டம்

கையுறை கொழும்பிலிருந்து வந்தது, பெரிய அளவு.
என் விரல் எட்டாத நுனிகள் மடங்கி மடங்கி விழுகின்றன.

பெட்டி ஏழு. பொருள் பதினொன்று. ரேந்தை.
நிறம்: வெள்ளை என்று எழுதி வெட்டினேன்.
தேத்தண்ணி காய்ந்த கோப்பையின் அடிவளையம், அந்த நிறம்.
படிவத்தில் அதற்குக் கிட்டிய சொல் 'தந்தம்'.
தந்தத்தை நான் கண்டதில்லை. எழுதினேன்.

நீளம் நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
அகலம் மூன்று விரல்,
இல்லை, ஐந்து புள்ளி இரண்டு.
நூல் லினன்.
கிடைத்த இடம் திருகோணமலை, உள்துறைமுக வீதி.
கொடுத்தவர் மிஸ் ஹெர்மினா பார்த்தலோமியூஸ்,
பெர்த்துக்குப் போக முதல், ஒரு பிஸ்கட் டின்னில்.
உபயோகம்: சட்டைக் கையா, மேசைவிரிப்பின் ஓரமா,
குழந்தைப் பிரேதத்துக்கு உடுத்தியதா?
மூன்றையும் எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.

கரண்ட் போனது. யன்னலைத் திறந்தேன்.
கோட்டை மான் ஒன்று தலையை நுழைத்து
பொருள் பத்தின் அட்டையைச் சப்பத் தொடங்கியது.
ச்சூ என்றேன். காதை மட்டும் ஆட்டியது.

பிறகு துளைகள்.
இந்தத் துணியில் பாதி, துணியே இல்லை.
இட்ட துளை எது, விழுந்த துளை எது,
இராமபாணப்பூச்சி இரவில் நடந்துபோன துளை எது?
கறுப்பு வெல்வெட்டில் விரித்து
உருப்பெருக்கியை இறக்கினேன்.
இடப்பக்கம், நான்காவது பூவில்
ஒரு முடிச்சு.

எனக்கு அதைத் தெரியும்.
நேற்றிரவும் போட்டேன், திருக்கடலூரில்,
பேத்தை கடித்த எங்கள் வலையில்:
கண்ணைச் சுற்றி ஒருதரம், பின்னால் ஒருதரம்,
சுண்டுவிரலால் ஒரு வெட்டு இழுவை.

நிபுணர் முன்பே பென்சிலால் எழுதிவிட்டார்.
பழுது: பிற்காலத்துத் தையல், பயிற்சியற்றது. அகற்றலாம்.

பயிற்சியற்றது.

பின்கதவில் மீன்கூடையோடு நின்றவரிடமா நீட்டினார்கள்,
ஞாயிறு மணி அடிக்க முதல்?
அவளா, அவனா?
செதில் ஒட்டிய கையைக் கழுவ
தண்ணீராவது கொடுத்தார்களா?
கொடுத்தவருக்குக் கட்டம் உண்டு. வாங்கியவருக்கு உண்டு.
எனக்குக்கூட உண்டு, கீழே, சிறிய ஒப்பத்துக்கு.

பென்சிலை அழிக்க எனக்கு அதிகாரமில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
அதன் கீழே பேனையால் எழுதினேன்:
வலைமுடிச்சு, ஒன்று. இறுக்கமாக உள்ளது.
அகற்றினால் பூ அவிழும்.

பொருள் பத்து மானின் வயிற்றில்.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.