ஒரு றகரம்

ஊட்டி சமரச மையத்தில்
மனுவின் முதல் வரியை அடித்தேன்:
'உறையாடுநர் இருவர்.'
அடித்த பிறகுதான் கண்ணில் பட்டது வல்லின ற.

இந்தப் பக்கம் பெள்ளி.
நடுவில் ஒரு காலி நாற்காலி.
அந்தப் பக்கம் ஆல்துரை.
தலைக்குந்தாவில் ஒரே ஓடை, ஒரே மோட்டார்,
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
'அவரைக் கேளுங்க' என்றார் ஒருவர், என்னிடம்.
'அவருக்குச் சொல்லுங்க' என்றார் மற்றவர்,
அதுவும் என்னிடம்.
முன்னால் நிற்பவர் முன்னிலை என்கிறது இலக்கணம்.
இங்கே முன்னால் இருந்த இருவரும் படர்க்கை.

உரை என்றால் பேச்சு.
உரை என்றால் தேய்ப்பதும்தான்,
தட்டான் கல்லில் பொன்னைத் தேய்ப்பதுபோல.
துளி தேயாமல் மாற்றுத் தெரியாது.

திருத்தக் கை போனது.
பனி படிந்த ஜன்னலைப் பார்த்தபடி ஆல்துரை கேட்டார்:
'ராத்திரி உன் கேரட்டும் கருகிடுச்சா?'

உன்.

பெள்ளி குல்லாயைக் கழற்றி மடியில் வைத்தார்.
'கீழ்ப்பாத்தி முழுக்க.'
'விடியறதுக்குள்ள தண்ணி தெளிச்சிருந்தா...'
'மோட்டார் சாவி உன்கிட்டல்ல இருந்துச்சு!'

சண்டை பிடித்துக்கொண்டது.
பக்கத்து அறைவரை கேட்கிற சண்டை.

அதில் ஒரு சொல்லையும் தாளில் ஏற்றவில்லை.
ற-வை மட்டும் அழித்தேன்.