அடித்தபின் தெரிவது

ஹெலினாவில் மூன்றாம் நாளாகப் பனி.
மாநிலச் சட்டமன்றத்தின் கீழ்த்தளத்தில்
எனக்கொரு மேசை, ஒரு விளக்கு,
பன்னிரண்டு கறுப்புப் பேனாக்கள் போட்ட பெட்டி.
அதில் ஒன்பதுதான் இப்போது எழுதும்.
எழுதும் என்பது தவறு.
அழிக்கும்.

கோரிக்கை எண் நானூற்றுப் பதினேழு:
டிரெய்லர் மனை வாடகை மசோதா பற்றி
உறுப்பினர் ஆஸ்கார்டுக்கு வந்த கடிதங்கள் யாவும்.
கேட்பவர் கெட்டரிங், வழக்கறிஞர்.
எதற்கு என்று நான் கேட்கக் கூடாது.
அது சட்டம்.
நல்ல சட்டம் என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தேன்.

போன ஆண்டு இதே விளக்கின் கீழே
ஒரு சுரங்கக் கம்பெனியின் கடிதம் கிடந்தது.
'அன்பு நண்பரே' என்று தொடங்கி
மசோதாவின் நான்காம் பிரிவை
காற்புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
ஒரு சொல்லையும் தொடாமல் அனுப்பிவைத்தேன்.
செய்தித்தாளில் அது வந்த காலையில்
ஒரு டோனட் கூடுதலாகத் தின்றேன்.

இன்று கையில் இருப்பது
எரிவாயு ரசீதின் பின்பக்கம். பென்சில்.

'ஐயா, எங்கள் தொகுதிக்காரர் என்பதால் எழுதுகிறேன்.
நான் எழுதியதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.
மனைக்காரன் வாடகையை ஏற்றினான், கொடுத்தோம்.
குழாயில் தண்ணீர் வரவில்லை என்றேன்,
மறுநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டினான்.
பனியை உருக்கிக் குடிக்கிறோம்.
என் நாய்க்குக் கால் மூன்றுதான்.
அதற்கும் மாதம் முப்பத்தைந்து டாலர் வாங்குகிறான்.
ஒரு காலுக்காவது தள்ளுபடி உண்டா என்றேன்.
சிரிக்கக்கூட இல்லை.'

நான் சிரித்தேன்.
பிறகு பேனாவின் மூடியைத் திறந்தேன்.

விதி சொல்வது: பெயர், முகவரி, தொலைபேசி எண்.
வெர்லா ஸ்டோல்மன் என்பதை அடித்தேன்.
மனை எண் இருபத்தெட்டை அடித்தேன்.
பத்து இலக்கங்களையும் அடித்து
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
மை கெட்டி. ஒன்றும் கசியவில்லை.
எழுவாய் போய்விட்டது.
பயனிலை மட்டும் நிற்கிறது,
மூன்று காலில்.

ஒரே குடியிருப்பில் எத்தனை மூன்று கால் நாய் இருக்கும்?
கெட்டரிங்கின் கட்சிக்காரனுக்குத்
தேட வேண்டியதுகூட இல்லை,
மாதாமாதம் ரசீது போடுகிறவனே அவன்தான்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக்
காம்பை வெளியே நீட்டி வைத்திருக்கிறேன்.

மேலாளர் ட்ரூடி ஹால்வர்சனிடம் போய் நின்றேன்.
'நாய்க்குத் தனியுரிமை கிடையாது' என்றாள்,
நிமிராமல். அவள் முன்னால் இன்னும் அறுநூறு பக்கம்.
'இன்றைக்கு நாயை அடித்தால்
நாளைக்குச் சுரங்கக்காரன் வருவான்,
நான்காம் பிரிவும் என் நாய்தான் என்பான்.'
பதில் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

மாடியேறி ஆஸ்கார்டின் அறைக்குப் போனேன்.
'எந்த நாய்?' என்றார்.
அலுவலகம் அவளுக்குப் பதில் அனுப்பியிருந்தது:
தங்கள் கருத்துக்கு நன்றி.
கையெழுத்தும் அச்சு.

யாருக்கு எழுதினாளோ அவர் படிக்கவில்லை.
யாருக்குத் தெரியக் கூடாதோ
அவன் எழுத்தெழுத்தாகப் படிப்பான்,
பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட் கட்டி.

ஐந்து மணிக்கு உறையை ஒட்டினேன்.
நாய் உள்ளேதான் இருந்தது.
கதவுகளுக்கு வெளியே, பனி ஒதுக்கும் வண்டியின் இரைச்சலில்,
என் சொந்தக் கைபேசியை எடுத்தேன்.
படிக்கிற எண்கள் மறந்துவிடும்.
அடிக்கிற எண்கள் எனக்கு மறப்பதில்லை.

முதலில் குரைப்புதான் கேட்டது.
பிறகு, சும்மா இரு என்று அதனிடம்.
பிறகு என்னிடம்,
'யார் பேசுவது?'

விதிப்படி அடிக்க வேண்டியவற்றில்
முதலாவதைக் கேட்கிறாள்.