பதினேழாவது கம்பம்

ராயக்கோட்டைக்குத் தெற்கே, ரயில் பாதை தாண்டி,
அறுநூற்று நாற்பது கல் கம்பம்.
குவாரியில் மூளி விழுந்து ஒதுக்கியவை.
உச்சியில் பழைய டயர் மாட்டி
டிராகன் கொடி ஏற்றினேன்.
தக்காளி மூன்று முறை என்னைக் கைவிட்டிருந்தது.
கள்ளி கைவிடாது என்று நினைத்தேன்,
தண்ணீருக்குக் கெஞ்சாத சாதி.

முதல் ஆடியில் பூத்தது.
இரவு ஒன்பதுக்கு மேல்
இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
நாலாம் நாள் காம்பு மஞ்சளித்து
அத்தனையும் மண்ணில் கிடந்தன,
பிழிந்து போட்ட துணி மாதிரி.
அடுத்த பூப்பும் அப்படியே.

தோட்டக்கலை ஆபீஸ் ஜெபசீலன்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:
"அக்கா, இது அறுநூத்தி நாப்பது செடி இல்ல.
ஒரே செடி.
ஒரே தண்டை வெட்டி வெட்டி நட்டிருக்கீங்க.
இந்த வகை தன் தூளைத் தானே ஏத்துக்காது."

வேறு செடி சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான்.
திம்மராயன் வேலியில், புங்க மரத்தைப் பற்றி ஏறி,
யார் வைத்ததோ,
முள் நீளம், பழம் சிறிசு, உள்ளே வெள்ளை, புளிப்பு.
ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது.
அந்த வேலிக்காகத்தான்
அவருக்கும் எனக்கும் ஒன்பது வருஷமாக
தேன்கனிக்கோட்டை கோர்ட்டில் வழக்கு.
மூன்றரை அடி நிலம்.

போனேன்.
டார்ச், காலி மாத்திரை டப்பா,
மகள் கன்னத்துக்குப் பவுடர் பூசும் பிரஷ்.
நாய் குரைத்தது.
அவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்தார்.
சொன்னேன். நம்பவில்லை. திரும்பச் சொன்னேன்.
ஏணியை அவரே கொண்டுவந்தார்.
சாய்த்தது அவர் பக்கம்.
"வக்கீலுக்குத் தெரிய வேணாம்."

விடிவதற்குள் நூற்றுப் பதினோரு பூவைத் தொட்டேன்.
மிச்சத் தூளை ஃபிரிஜ்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
தொண்ணூற்று நாலு காய்த்தது.

அந்தப் புளிப்புக் கொடியில் ஒரு முழம் கேட்டு வாங்கி
பதினேழாவது கம்பத்தில் கட்டினேன்.
பெங்களூர் வியாபாரி ஷஃபியுல்லா
அதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்.
"சிவப்பு மட்டும். நானூறு கிராமுக்கு மேல.
இதை ஏன் வெச்சிருக்கீங்க, எடம் அடைச்சுக்கிட்டு?"

மூன்றாம் வருஷம் ஐப்பசி நிற்காமல் பெய்தது.
தண்டில் கடுகளவு ஆரஞ்சுப் புள்ளி.
பிறகு காசளவு.
பிறகு கம்பத்துக்குக் கம்பம் ஒரே இடத்தில் அழுகல்,
யாரோ ஒரு வரியைப் பிரதி எடுத்துக்கொண்டே போவது போல.
கத்தியை நெருப்பில் காட்டிக் காட்டி வெட்டினேன்.
இருநூற்று எண்பது போயிற்று.
பதினேழில் மூன்று புள்ளி வந்து
பொருக்காகி உதிர்ந்தது.
வீரமெல்லாம் இல்லை.
அதன் தோல் வேறு.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் மண்டியிருந்த
சப்பாத்திக் கள்ளியை
பஞ்சு மாதிரி ஒரு பூச்சி வந்து
மொத்தமாய்த் தின்றது என்பார்கள்.
வழித்து முடிக்கச் சுலபமாக
எல்லாம் ஒன்றாக இருந்திருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறுகிறேன்.
அஞ்செட்டியில் மஞ்சள் தோல் ஒன்று,
பர்கூரில் ஒரு டாக்டர் வீட்டு மாடியில் முள்ளே இல்லாத ஒன்று,
பாலக்கோட்டில் பேரில்லாத ஒன்று.
தினத்தாளில் சுற்றி, மடியில் வைத்து,
கண்டக்டர் "லக்கேஜா?" என்றால்
"கள்ளி" என்கிறேன். டிக்கெட் கேட்பதில்லை.

போன வாரம் என் சிவப்புப் பழத்தைத் தின்று
விதையைத் துப்பாமல் கழுவிக் காயவைத்தேன்.
ரஸ்க் டப்பாவில் முளைத்திருக்கிறது,
எறும்பின் காது போல, இருநூறுக்கு மேல்.
அம்மா ஒன்று, அப்பா வேலிக்கு அந்தப் பக்கம்.
ஒன்று மாதிரி ஒன்று இல்லையாம்.
எது இனிக்கும், எது மழை தாங்கும், எது ரெண்டும் கெட்டது,
தெரிய நாலைந்து வருஷம் ஆகும்.
ஐஸ் குச்சியில் நம்பர் எழுதிச் செருகுகிறேன்.

வாய்தா பதினாலாம் தேதி.
திம்மராயன் போன் செய்தார்:
"மொட்டு தடிச்சிருக்கு. பதினாலு ராத்திரி விரியும்னு நெனக்கிறேன்.
கோர்ட்டு முடிஞ்சு நேரா வந்துடுங்க.
பிரஷ் மறந்துடாதீங்க."