பகுதியெண்

பொகவந்தலாவைத் தபாலகத்துக்கு
விண்ணப்பப் படிவம் ஈரமாகத்தான் வந்தது.
ஆடி மழை உறைக்குள்ளும் புகுந்திருந்தது.
இஸ்திரிப் பெட்டியை மெல்ல வைத்து எடுத்தேன்.
"பொதுச் சுகாதார முதுமாணி" என்ற வரி
ஆவி விட்டு நிமிர்ந்தது.

விரும்பும் துறைகளை வரிசைப்படுத்துக என்கிறது.
ஐந்து கட்டங்கள்.
பென்சிலால் எழுதினேன், அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

சமூகப் போசாக்கு என்று எழுதும்போதே
மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவின் தராசு
ஆடத் தொடங்கிவிடுகிறது.
தொங்கும் துணிக் காற்சட்டைக்குள்
கால் உதறி அழுகிறான் லதுர்ஷன், ஒன்றரை வயது.
முள் நிற்கட்டும் என்று
நானும் மருத்துவமாது யோகமலரும் காத்திருந்தோம்.
அவன் அழுது முடித்த பிறகும்
அட்டையில் புள்ளி செம்மஞ்சளில்தான் விழுந்தது.
அவன் தாய் அன்று எடுத்த கொழுந்து பதினெட்டுக் கிலோ.
ஈரத்துக்கென்று இரண்டைக் கழித்திருந்தார்கள்.
எங்கள் தராசில்
கழிக்க எதுவும் இருக்கவில்லை.

சுகாதார முகாமைத்துவம் ஐந்தாவதாகவே இருக்கட்டும்.
ஜீப்புக்கு டீசல் இல்லாத மாதங்களை
முகாமை செய்வதற்கு
இரண்டு கால் போதும்.

சூழல் சுகாதாரம்.
தொங்கல் லயத்தில் பதினாறு காம்பராவுக்கு
மூன்று மலசலகூடம். ஒன்றில் பூட்டு.
சாவி யாரிடம் என்றேன்.
மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள்.
அதில் ஒருவர்
போன வருசமே செத்துப்போயிருந்தார்.

நோய்ப்பரம்பலியல் என்ற சொல்லை மட்டும்
அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மாசியில் பீலித் தண்ணீர் கலங்கியது.
கண் மஞ்சளான ஒவ்வொருவரையும்
வாசல் வாசலாகப் போய் எண்ணி
முப்பத்தொன்று என்று அனுப்பினேன்.
மேலிடத்திலிருந்து போனில் ஒரே கேள்வி:
"எத்தனை பேரில்?"

தோட்டத்து ஏட்டில் எழுநூற்றுப் பன்னிரண்டு.
கிராம அலுவலரிடம் ஆயிரத்து நானூறு.
வாக்காளர் இடாப்பில் இரண்டுமில்லாத ஓர் எண்.
கொழும்புக் கடைகளில் நின்று
தீபாவளிக்கு மட்டும் பஸ் ஏறி வருகிறவர்களை
எதில் சேர்ப்பது?
கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் பரிமளாதேவியை?
அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.
காமாலைக்கு மட்டும்
அவளை எப்படியோ தெரிந்திருந்தது.

எட்டாம் வகுப்புக் கணக்குத்தான்.
கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி,
கீழே இருப்பது பகுதி.
தொகுதியைத் தேடி
ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை
மாலையோடு ஆட்கள் மலையேறுகிறார்கள்.
பகுதியைக் கேட்டு
ஒருவரும் வந்ததில்லை.

"படிச்சிட்டு இங்கயேதான் வருவீங்களா?"
யோகமலர் கேட்டாள்.
குளிர்பெட்டியின் வாரைத்
தோளில் சரிசெய்வதுபோல் இருந்துவிட்டேன்.

பிறகு அந்தக் கட்டம்: நிரந்தர முகவரி.
மூன்று வருசத்துக்கு முன்பும் நிரப்பியதுதான்.
நேர்முகத்துக்கான கடிதம்
தோட்ட ஆபீசின் கண்ணாடித் தட்டுக்கு அடியில்
பதினொரு நாள் கிடந்தது.
கிளாக்கர் லீவு.
என் பெயர் தெரியும்படிதான் கிடந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டது.
டெங்குத் தொட்டிகளுக்கு அடையாளம் போட்டு
மிஞ்சிய சிவப்புப் பெயின்ட் அரை டின்.
முதல் லயத்தின் முதல் கதவிலிருந்து தொடங்கினேன்.
ஒவ்வொரு கதவிலும் ஓர் இலக்கம்,
நோட்டில் உள்ளே உறங்குகிறவர்கள் எத்தனை பேர்.
"வீடு தரப்போறாங்களா?" என்றார்கள்.
இல்லை என்றேன்.
"பின்ன எதுக்கு?"
"எண்ணத்தான்."
சிலர் சிரித்தார்கள்.
ஒருவர் தன் கதவுக்கு
எட்டு வேண்டாம், ஒன்பது போடு என்றார்.
ஒரு கிழவர் கதவைத் துடைத்துக் கொடுத்தார்.

யாரிடம் கேட்டுச் செய்தாய் என்று
திங்கட்கிழமை ஆபீசில் கேட்பார்கள்.
பதில் இன்னும் யோசிக்கவில்லை.

எங்கள் காம்பராவுக்கு விழுந்தது நாற்பத்தேழு.
விண்ணப்பத்தில் அதைப் பேனாவால் எழுதினேன்.
தபால்காரர் நம்புவாரோ தெரியாது.
நாற்பத்தேழின் ஏழு கொஞ்சம் வழிந்திருக்கிறது,
கதவிலும்.

மூன்றாம் தெரிவு
இன்னும் பென்சிலில்.