சிவப்பு

இரவெல்லாம் தண்டவாளத் திருகுகளை எண்ணிவிட்டு
காத்திப் நிலையத்தில் மேலே வருகிறேன்.
சட்டை மாற்றவில்லை. தூண்டில்கோலைக்
குடைபோலக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறேன்.
எதிரே ஓடிவரும் பக்கத்துப் புளோக்காரர்
"அவரு வரலியா?" என்கிறார்.
அவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே சளி பிடிக்கும்.
மீன் பிடிப்பது நான்.

லோவர் சிலேத்தார் மேடையில்
எழுதிவைத்த சட்டம் நான்கு மொழிகளில் இருக்கிறது:
உயிருள்ள இரை கூடாது.
இறாலைப் போட்டு வராலைப் பிடி என்ற பழமொழிக்கு
இந்த ஊரில் அபராதம்.
அதனால் என் பெட்டியில் ஒரு ரப்பர் தவளை,
வயிறு மஞ்சள், ஒரு கால் கடிபட்டுப் போனது.

எழுதாதவைதான் அதிகம்.
இடம் கேட்க வாய் திறக்கக் கூடாது.
மூன்று கை தள்ளிப் பையை வைத்துக் காத்திருக்க வேண்டும்;
அவன் தன் வாளியைக் கொஞ்சம் நகர்த்தினால் சம்மதம்.
பக்கத்துக் கோல் வளைந்தால்
உன் நரம்பைச் சுருட்டிக்கொள்.
எங்கே பிடித்தாய் என்று கேட்காதே.
எத்தனை கிலோ என்று அவனே சொன்னால்
மனசுக்குள் பாதியைக் கழித்துக்கொள்,
முகத்தில் கழிக்காதே.

எனக்கு எப்போதும் வாளி நகர்த்தியவன்
பச்சைத் தொப்பிக்காரன்.
ஏழு மாதம் பக்கத்தில் நின்றோம்,
பெயர் கேட்டதில்லை.

சித்திரை மழை விட்ட வாரம்
நாணல் ஓரத்தில் தண்ணீர் சிவந்து கொதித்தது.
தோமான் குஞ்சுகள்.
நாங்கள் வரால் என்போம், இது வராலின் பெரியப்பன்.
ஆயிரமோ என்னவோ, மூச்சுக்கு மேலே வந்து
மிளகாய்த் தூள் தூவியதுபோல் ஒரே நொடி,
பிறகு ஒன்றுமில்லை.
அடியில் தாயும் தகப்பனும்.
அந்தப் பக்கம் எவரும் தூண்டில் வீசவில்லை.
சொல்லிக்கொள்ளவும் இல்லை.

புதன்கிழமை மேடை காலி.
சிவப்பின் நட்டநடுவில்
தவளையைப் போட்டேன்.

பசியில் கடித்த மீனுக்கும்
கோபத்தில் கடித்த மீனுக்கும்
இழுப்பில் வித்தியாசம் உண்டு.
முழங்கைக்குத் தெரிந்தது.
நான்கு கிலோ. (நீங்கள் பாதியைக் கழிக்கலாம்.
வேண்டாம், நிஜமாகவே நான்கு.)
கையை நனைத்துத்தான் தொட்டேன்,
ஒழுங்காகத்தான் படம் எடுத்தேன்,
தலையைத் தாங்கித்தான் தண்ணீரில் விட்டேன்.
எல்லா முறைகளும் எனக்குத் தெரியும்.

அதற்குள் நாணல் ஓரத்தில்
பளார் பளார் என்று சத்தம்.
பீக்காக் பாஸ் கூட்டம்.
ஒரு மீன் எத்தனை பக்கம் காவல் நிற்கும்?
சிவப்பு கையளவானது.
பிறகு விரல் அளவு.
நான் கோலை மடக்கினேன், அடுத்து
என்ன செய்வதென்று தெரியாமல்
தரையில் கிடந்த வேறு யாருடைய அறுந்த நரம்பையோ
பொறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பச்சைத் தொப்பி
நாணலைப் பார்த்தான், நெடுநேரம்.
பாதி மலாய் பாதி ஆங்கிலத்தில் கேட்டான்,
குஞ்சுகள் எங்கே?
"மழை" என்றேன்.
வியாழன் வெள்ளி இரண்டு நாளும் கொளுத்திய வெயில்.
தூண்டில்காரன் சொல்வதை
இன்னொரு தூண்டில்காரன் திருத்துவதில்லை.
அதுவும் எழுதாதது.
தலையசைத்தான்.
வாளியை நகர்த்தினான், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
"கெங் சியோங்" என்றான், மார்பைத் தொட்டு.

படம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது.
நான் சிரிக்கிறேன்.
தோளுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கறை.
ரயிலில் வரும்போது பெரிதாக்கிப் பார்ப்பேன்.
ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தில்
எத்தனை திருகு என்று தூக்கத்திலும் சொல்வேன்.
இதை
நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை,
புள்ளிகள் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகின்றன.

அவன் கோல் வளைகிறது.
என் நரம்பைச் சுருட்டிக்கொள்கிறேன்.